பேட்டரி தண்ணி, பச்சைக் கூலண்ட், ஒரு பாக்கெட் சமையல் எண்ணெய்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிற பெஸ்தாரி ஜெயாவில் கணினி பழுது பார்ப்பவனிடம் வரும் வேலைகளில் பாதி இடி விழுந்து செத்த மோடம், மீதி எறும்பு குடியேறிய பவர் சப்ளை. தண்ணீர் ஓடிக் குளிரூட்டும் கணினி வருவது அபூர்வம். அதனால்தான் ஒரு தம்பி, கண்ணாடிப் பக்கம் வைத்த பெரிய பெட்டியைக் காரின் பின் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கொண்டுவந்தபோது, அஞ்சடியில், கடை முன்னால் உள்ள நடைபாதையில், தே குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள்.

தம்பி கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். எட்டு மாதம் முன்பு அந்தக் கணினியைப் பழசாக வாங்கியிருக்கிறார். "அண்ணே, ரெண்டு நிமிஷம் ரெண்டர் போட்டா தொண்ணூத்தஞ்சு டிகிரி காட்டுது. அப்புறம் நத்தை மாதிரி ஊருது. ஆவணி முகூர்த்தம் எல்லாம் வருது, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க லா" என்றார். விற்றவர் ஊற்றிக் கொடுத்தபோது குழாயில் நீலத் தண்ணீர் இருந்ததாம். என் மேசைக்கு வந்தபோது அது பால் குறைந்த தே நிறத்தில் இருந்தது.

கூடவே அவருடைய அப்பாவும் வந்திருந்தார். இந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்து ஆள். பெயர் மாறியது 2007-இல்தான், வயதானவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். ரப்பர் தொழிற்சாலை எஞ்சின் ரூமில் 28 வருடம் வேலை பார்த்தவர். இப்போது அந்த எஸ்டேட்டில் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. மாமா பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீசல் எஞ்சினையே மழைத் தண்ணி ஊத்தி ஓட்டினவங்க நாங்க. இந்தப் பொட்டிக்கு என்ன பெரிய தண்ணி வேணும்?"

கேலியாகக் கேட்டாரோ என்னவோ, கேள்வி நல்ல கேள்வி. இந்த ஊரில் கையில் கிடைக்கிற திரவங்களில் எதை ஊற்றினால் என்ன ஆகும் என்று அடுத்த இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தது அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் பிணப் பரிசோதனை. கணினியின் மூளையான சிபியு சிப்பின் மேல் உட்காரும் பிளாக்கைக் கழற்றித் திறந்தேன். அடியில் செம்புத் தகடு, அதில் சீப்புப் பல் போல நெருக்கமாக வெட்டிய இடுக்குகள், ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் அளவு. தண்ணீர் அந்த இடுக்குகளில் நுழைந்து சூட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒன்று படிந்திருந்தது. சோறு வடித்த கஞ்சி ஆறினால் மேலே ஆடை கட்டுமே, அந்தப் பதம். விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் போல உறுத்தவில்லை, வழுக்கியது. பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்ததும் கிளம்பி வந்தது. அடியில் செம்பு நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரைக் கையில் தூக்கியதும் சந்தேகம் வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு எடை இல்லை. தண்ணீர் நுழையும் வாயில் சிறிய கத்தியால் கீறினேன். மஞ்சளாக இல்லை, செம்பு நிறமும் இல்லை, வெள்ளி போல மின்னியது. அலுமினியம்.

விஷயம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது. செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் நனைத்து, இரண்டையும் ஏதாவது உலோகம் தொட வைத்தால் அது பேட்டரி. செம்பின் மின்னழுத்தம் கூட்டல் 0.34 வோல்ட், அலுமினியத்துடையது கழித்தல் 1.66. இந்த இரண்டும் சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான். கரைந்தது தண்ணீரில் வெள்ளை ஹைட்ராக்சைடாக மாறி, சுற்றிச் சுற்றி வந்து, வழியில் எது மிகக் குறுகலோ அங்கே போய் அடைத்துக்கொள்கிறது. கூடவே மலிவு டியூபிலிருந்து கசிந்த மெழுகுப் பசையும் சேர்ந்திருந்தது. டியூபின் உட்புறம் எண்ணெய் பூசின மாதிரி இருந்தது அதனால்தான்.

"காய்ச்சி வடித்த தண்ணீர் மின்சாரம் கடத்தாது, அதனால் அரிக்காது" என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஊற்றுகிற நிமிடம் வரைக்கும் அது சரி. காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே லேசான அமிலமாகிவிடும். செம்பைத் தொட்டால் செம்பு, நிக்கலைத் தொட்டால் நிக்கல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் அதுவும் கடத்தும் தண்ணீர்தான். கசிந்தால் போர்டு தப்பிக்கும் என்று எண்ணி யாரும் தைரியமாகத் தூங்க வேண்டாம்.

சரி, அலுமினிய ரேடியேட்டருக்குப் பதில் பித்தளை, செம்பில் செய்தது ஒன்று வர வேண்டும். தபாலில் வர ஆறு நாள். அதற்குள் மாமாவின் கேள்வியைப் பார்த்துவிடலாம் என்று கடையில் கிடந்த என் சொந்தப் பழைய கணினியைப் பின் அறையில் திறந்து வைத்தேன். ஆறு கோர் சிபியு, செம்பு பிளாக், 240 மில்லிமீட்டர் செம்பு ரேடியேட்டர், நல்ல பம்பு ஒன்று. சிபியுவை முழு வேகத்தில் ஓட வைக்கும் நிரல் ஒன்று போட்டால் அது ஏறக்குறைய 120 வாட் சூடு கக்கும்.

முதல் நாள் மதியம் 2 மணிக்கு பேட்டரி தண்ணியில் ஆரம்பித்தேன். பெட்ரோல் நிலையத்தில் போத்தலில் விற்கிற, காய்ச்சி வடித்த அதே தண்ணி. அரை மணி நேரம் ஓட விட்டு சிபியு சூட்டைக் குறித்தேன்: 69 டிகிரி. மறுநாள் சாயங்காலம் 6 மணிக்கு, கார் ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய பச்சைக் கூலண்டை ஊற்றி அதே அரை மணி. 66 டிகிரி. மூன்று டிகிரி குறைவு! உறையாமல் காக்கும் கிளைகோல் கலந்த திரவம் தண்ணீரைவிட நன்றாகக் குளிரூட்டுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியும் விட்டேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இரண்டாம் நாள் நாலரை மணிக்கு ஒரு மழை கொட்டியது. முதல் நாள் மதியம் ஜிங்க் கூரைக்குக் கீழே அந்த அறை வேகிக்கொண்டிருந்தது. நான் கூலண்டைச் சோதிக்கவில்லை, மழையைச் சோதித்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மீன் தொட்டிக்கு விற்கிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன். ஒன்று ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றில், மற்றொன்று தண்ணீர்த் தொட்டியில். இரண்டையும் முதலில் உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் முக்கிப் பார்த்தேன். ஒன்று சுழியம் காட்டியது, மற்றது 0.4. அந்த 0.4-ஐ ஒவ்வொரு முறையும் கழிக்க வேண்டும் என்று அதன் முதுகிலேயே டேப் ஒட்டி எழுதிவைத்தேன். இனி சிபியு சூட்டைத் தனியாக எழுதுவதில்லை. சிபியு சூட்டில் காற்றின் சூட்டைக் கழித்தால் வருகிற எண்தான் கணக்கு. பம்பு வேகம், விசிறி வேகம் மாற்றுவதில்லை. பிளாக்கைக் கழற்றுவதும் இல்லை, கழற்றிப் பூட்டினால் அடியில் இருக்கும் சூடு கடத்தும் பேஸ்ட் மாறிவிடும், அதுவே இரண்டு டிகிரி பொய் சொல்லும். திரவம் மாற்றியதும் பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துக் காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறும் வரை ஒரு மணி நேரம் சும்மா ஓட விட வேண்டும்.

இப்படி அளந்தால் பேட்டரி தண்ணியில் காற்றைவிட 35 டிகிரி கூடுதல். பச்சைக் கூலண்ட் சரிபாதி கிளைகோல் உள்ளது, அதில் 37. ஆக, மூன்று டிகிரி வென்றதாக நினைத்த திரவம் உண்மையில் இரண்டு டிகிரி தோற்றது.

ஏன் என்று பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். சரிபாதி எத்திலீன் கிளைகோல் கலந்தால் 3.3 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் இந்த இடத்தில் ஒரு சறுக்கல் இருக்கிறது. என் பம்பு நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் தள்ளுகிறது. திரும்பி வரும் டியூபைக் கழற்றி ஒரு லிட்டர் குவளையில் பிடித்தால் 17 விநாடி. அந்த ஓட்டத்தில் 120 வாட் சூட்டைச் சுமந்து வர, தண்ணீர் பிளாக்கில் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் நடுவில் அரை டிகிரிதான் ஏறும். கூலண்டில் அது 0.6 ஆகும். வித்தியாசம் 0.1. மீதியை எங்கே இழந்தோம்? இடுக்குகளில். கிளைகோல் கலவைக்குத் தண்ணீரைவிட மூன்று நாலு மடங்கு பிசுபிசுப்பு, சூட்டைக் கடத்தும் திறனும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கால் மில்லிமீட்டர் சந்துக்குள் செம்பை ஒட்டி ஓடுகிற அந்த மெல்லிய படலத்தில்தான் திரவத்தின் குணம் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காருக்குச் சரிபாதி கிளைகோல் எதற்கு? பனி நாட்டில் உறையாமல் இருக்க, எஞ்சினில் சீக்கிரம் கொதிக்காமல் இருக்க. நம் ஊரில் கேமரன் மலையில்கூட தண்ணீர் உறைவதில்லை. கணினிக்குள் ஓடுகிற தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டினாலே நமக்குப் பயம், 100-க்கு எங்கே போவது? உறைவதும் இல்லை, கொதிப்பதும் இல்லை என்கிற பெட்டிக்கு அவ்வளவு கிளைகோல் எதற்கு என்று மாமா கேட்டார். அவர் கேட்டது சரிதான். கூலண்டில் நமக்கு உபயோகமாக இருப்பது கிளைகோல் இல்லை, அதில் கரைத்து வைத்திருக்கும் அரிப்புத் தடுப்பான்.

அப்புறம் ஏர்கான் தண்ணீர். பக்கத்துக் கிளினிக்கின் பின்சுவரில் ஒரு குழாய் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும், கீழே வாளி வைத்தால் காசில்லாத காய்ச்சி வடித்த நீர். குளிரூட்டுவதில் பேட்டரி தண்ணிக்குச் சமம், 35. மழைத் தண்ணியும் அதே. மாமா முகத்தில் ஒரு சிரிப்பு. எஸ்டேட்டில் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பு படியும், அதனால்தான் கூரைத் தண்ணியைப் பீப்பாயில் பிடித்து வைப்பார்களாம். வேதியியல் படித்தவர் இல்லை, ஆனால் கடினநீர் என்ன செய்யும் என்று உலோகத்தைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டவர். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. சூட்டைப் பொறுத்தவரை எந்தத் தண்ணீரும் தண்ணீர்தான்.

சமையல் எண்ணெய் யோசனை தம்பியுடையது. எண்ணெய் மின்சாரம் கடத்தாது, கசிந்தாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கணினியின் சர்க்யூட்டுகளை ஃபுளோரினெர்ட் என்ற மின்கடத்தாத் திரவத்தில் அப்படியே முக்கித்தான் வைத்திருந்தார்கள். அந்தத் திரவ வகையைச் செய்த 3எம் நிறுவனமே 2025 இறுதிக்குள் தயாரிப்பை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எப்படியும் அது நம் கைக்கு எட்டுகிற சரக்கு இல்லை. நம் கைக்கு எட்டுவது செம்பனை எண்ணெய், மானிய விலையில் ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 சென். சுற்றிலும் செம்பனை நிற்கிற ஊரில் அதையும் பார்க்காமல் விட்டால் எப்படி?

ஊற்றினேன். பம்பு உறுமியது. தொட்டியில் ஒரு சின்ன சுழல்கூட எழவில்லை. குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நூல் போல இறங்கியது. நாலு நிமிடம் தாண்டியும் ஒரு லிட்டர் நிறையவில்லை. தண்ணீரைவிட அறுபது எழுபது மடங்கு பிசுபிசுப்பு, சூட்டைக் கொள்ளும் அளவும் பாதிக்குக் குறைவு. சுமையைப் போட்டதும் சிபியு 80, 88, 94 என்று ஏறியது. ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினேன். தொட்டியில் இருந்த தெர்மாமீட்டரோ 36-ஐத் தாண்டவில்லை. சூடு பிளாக்கிலேயே மாட்டிக்கொண்டது, எண்ணெய் அதை எடுத்துக்கொண்டு கிளம்பவே இல்லை. பலகாரம் பொரிக்க நல்ல எண்ணெய்தான், சந்துக்குள் ஓடுகிற சுபாவம் அதற்கு இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. எண்ணெயை வடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன், அது என் சோம்பேறித்தனம். திங்கள் காலை பம்பைத் திறந்தால் கறுப்பு ரப்பர் ஓ-ரிங் ஊதிப் பெருத்து, அதன் பள்ளத்தில் திரும்ப உட்கார மறுத்தது. இந்தப் பம்புகளில் போடுவது ஈபிடிஎம் ரப்பர், தண்ணீருக்கும் கிளைகோலுக்கும் உறவு, எண்ணெய்க்குப் பகை. ரப்பர் தொழிற்சாலையில் இருந்தவரிடம் அதைக் காட்டினேன். விரலால் நசுக்கிப் பார்த்தவர், "ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுன்னு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். நான் கேட்கவில்லைதான். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு நாலு முறை அலசியும் ரேடியேட்டரில் வாசம் போக ஒரு வாரம் ஆயிற்று.

ஸ்பிரிட்டைச் சோதிக்கவில்லை. தீப்பற்றும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், தொட்டி அக்ரிலிக், ஆல்கஹால் பட்டால் அதில் மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடும். ஐஸ் போடலாம் என்று அஞ்சடியில் ஒருவர் சொன்னார். தே ஓ ஐஸ் கிளாஸின் வெளிப்புறம் எப்படி வியர்க்கிறது என்று அவர் கையில் இருந்ததையே காட்டினேன். நம் ஊர்க் காற்று 24, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் தண்ணீராக வடியும். போர்டு மேல் அது வேண்டாம்.

கடைசியாகப் புரோபிலீன் கிளைகோல். அரிப்புத் தடுப்பான் சேர்த்து, கணினிக்கென்றே விற்கிற அடர்கரைசல் ஒரு பங்கு, பேட்டரி தண்ணி மூன்று பங்கு. காற்றைவிட 36. தண்ணீரைவிட ஒரு டிகிரி மோசம்.

அந்த ஒரு டிகிரியைக் கொடுத்துவிட்டு அதையே தேர்ந்தெடுத்தேன். ஏன் என்பதற்குச் சாட்சியாகப் பின் அறை அலமாரியில் வரிசையாக ஜாம் போத்தல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு திரவம், உள்ளே ஒரு செம்புத் துண்டு, ஒரு அலுமினியத் துண்டு, இரண்டையும் செம்புக் கம்பியால் கட்டி, கூடவே டியூபில் ஒரு வெட்டு. இரண்டு வாரத்தில் ஏர்கான் தண்ணீர்ப் போத்தலில் அலுமினியத்தின் விளிம்பில் பஞ்சு போல வெள்ளை முளைத்திருந்தது. தம்பியின் பிளாக்கில் எடுத்தது எதுவோ அதேதான். மழைத் தண்ணியிலும் அப்படித்தான், அதோடு அடியில் ஒரு பச்சைப் படலம். பேட்டரி தண்ணியில் கொஞ்சம் தாமதம், அவ்வளவே. கார்க் கூலண்டிலும் தடுப்பான் உள்ள புரோபிலீன் கலவையிலும் உலோகம் போட்டபடியே இருந்தது.

ஒரு போத்தலில் சிக்கனமாக இருக்கலாமே என்று கிளைகோலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தேன். அது மூன்றாம் வாரம் கலங்கி, ஆறாம் வாரம் நூல் நூலாகச் சளி கட்டியது. கிளைகோல் நாலில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் கிருமி வளராது. குறைத்தால் அதுவே கிருமிக்குத் தீனி. கொஞ்சமாக ஊற்றுவதற்கு ஊற்றாமலே இருக்கலாம். எண்ணெய்ப் போத்தலைப் பற்றி என்ன சொல்ல, மூன்று மாதத்தில் செம்பைச் சுற்றி எண்ணெய் பச்சை நிறமாகி, மூடியைத் திறந்ததும் பழைய பெயிண்ட் நாற்றம்.

கார்க் கூலண்டும் உலோகத்தை நன்றாகத்தானே காத்தது, மலிவும்கூட, பிறகு ஏன் அது வேண்டாம்? கடைப் பூனையால். சோதனையின்போது மேசையில் சிந்திய பச்சைத் துளியை நக்கப் போனது, கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். எத்திலீன் கிளைகோல் தித்திக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தில் படிகமாகக் கட்டிக்கொண்டு ஆளைக் கொல்லும். தம்பி வீட்டில் தவழ்கிற பிள்ளை இருக்கிறது. புரோபிலீன் கிளைகோலுக்கு அந்த விஷம் இல்லை. கேக்குச் சாமான் கடையில் விற்கிற உணவுத் தரப் புரோபிலீன் கிளைகோலைத் தனியாக ஊற்றலாமா என்றால் கூடாது. தடுப்பான் இல்லாத கிளைகோல் நாளடைவில் தானே புளித்து அமிலமாகும். அந்தப் போத்தலில் என் செம்பு கறுத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் புதிய செம்பு ரேடியேட்டரைப் பூட்டி, டியூபை மாற்றி, பிளாக்கை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைத்துக் கழுவி, கலவையை நிரப்பிக் கொடுத்தேன். என் கடையில் முழு ரெண்டருக்கு 70 டிகிரி. தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டால் 78.

போய்ப் பார்த்தேன். மேசைக்கு அடியில், மூன்று பக்கம் பலகை அடைத்த பொந்தில் பெட்டி. பின்னால் சாயங்கால வெயில் படுகிற சுவர். ரேடியேட்டர் தான் ஊதிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது, நுழையும் காற்று 39 டிகிரி. பலகை ஒன்றைக் கழற்றி, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்தோம். 71. இரண்டு வாரம் திரவம் திரவமாக மாற்றி நான் தேடிய வித்தியாசம் இரண்டு டிகிரி. ஒரு ஸ்க்ரூ டிரைவரில் ஏழு டிகிரி வந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிய பலகையைத் தட்டிப் பார்த்து, கோழிக்கூட்டுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டார்.

நிரப்பிய அன்று அதே கலவையில் கொஞ்சம் ஒரு சின்னப் போத்தலில் பிடித்து, தேதி எழுதி, இருட்டு அலமாரியில் வைத்திருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் தம்பி கணினியைக் கொண்டுவந்தபோது தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அந்தப் போத்தலின் பக்கத்தில் ஜன்னலோரம் வைத்தோம். குழாயில் ஓடியது ஒரு சாயல் மங்கல், மற்றபடி தெளிவு. பிளாக்கைத் திறக்கவில்லை. தைப்பூசம் முடிந்ததும் திறப்பது என்று தொட்டி மூடியில் டேப் ஒட்டி எழுதியிருக்கிறது.